ஒரு நிகர் ஷாஜி போதாது
தென்காசி மாவட்டப் பள்ளி மேலாண்மைக் குழுக்களில் இருக்கும் தாய்மார்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தாய்மார்களே,

2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆதித்யா எல்-1 புறப்பட்டபோது நாடே செங்கோட்டையின் பெயரைச் சொன்னது. சூரியனை ஆராய இந்தியா அனுப்பிய அந்த முதல் விண்கலத்தின் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி நம்ம ஊர்ப் பெண். செங்கோட்டை எஸ்.ஆர்.எம். அரசு மகளிர் பள்ளியில் படித்தவர். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரிக்குப் போய், 1987இல் இஸ்ரோவில் சேர்ந்தார். பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி அந்தக் கலம் தன் இடத்தைச் சென்றடைந்தது 2024 ஜனவரி 6 அன்று. நம் பள்ளிகளின் காலை வணக்கக் கூட்டங்களில் அவர் பெயரைச் சொல்லிக் கைதட்டினோம். அறிவிப்புப் பலகைகளில் படம் ஒட்டினோம்.

அதில் எனக்கும் பெருமைதான். பள்ளியில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். ஆனால் கைதட்டி முடித்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. அவருக்குப் பின்னால் எத்தனை பேர் வந்துகொண்டிருக்கிறார்கள்? நம் பள்ளிகளில் இப்போது எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பெண் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பாதை திறந்திருக்கிறது? இந்தக் கேள்வியைத் தலைமையாசிரியரிடமோ அதிகாரிகளிடமோ கேட்பதைவிட உங்களிடம் கேட்பதே சரி என்று நினைக்கிறேன். கல்வி உரிமைச் சட்டப்படி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். குழுவில் பாதிப் பேராவது பெண்கள். பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிப்பதும், பள்ளிக்கு வரும் பணம் எதற்குச் செலவாகிறது என்று பார்ப்பதும் உங்கள் உரிமை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நம் பிள்ளைகளுக்கு அறிவியல் வராது, கணக்கு வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பொதுத் தேர்வில் ஆண்டுதோறும் பையன்களைவிடப் பெண் பிள்ளைகளின் தேர்ச்சிதான் கூடுதல். 2024இல் பத்தாம் வகுப்பில் பெண்கள் 94.53 சதவீதம், ஆண்கள் 88.58 சதவீதம். நாடு முழுவதும் எடுத்துக்கொண்டாலும், 2021-22ஆம் ஆண்டின் உயர்கல்விக் கணக்கெடுப்பில் அறிவியல் படிப்புகளில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். ஆனால் பொறியியலுக்கு வந்தால் அதே பெண்கள் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. மார்க் வாங்கும் இடத்தில் முன்னால் நிற்கும் பிள்ளைகள், கருவியைக் கையில் எடுக்கும் இடத்தில் பின்னால் போய்விடுகிறார்கள். இடையில் என்ன நடக்கிறது?

நடப்பதெல்லாம் சின்னச் சின்ன முடிவுகள். அவற்றில் பெரும்பாலானவற்றை அந்தப் பிள்ளை எடுப்பதில்லை. பெரியவர்கள் எடுக்கிறோம், சில நேரம் எடுக்கிறோம் என்று தெரியாமலே.

பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வில் குவிலென்சின் குவியத் தொலைவைக் கண்டுபிடிக்கும் சோதனை ஒன்று உண்டு. ஜன்னல் பக்கம் லென்சைப் பிடித்துக்கொண்டு, பின்னால் ஒரு வெள்ளைத் தாளை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். முதலில் தாளில் வெறும் வெளிச்சம் கலங்கலாகத் தெரியும். இன்னும் கொஞ்சம் நகர்த்தினால், தூரத்தில் நிற்கும் குற்றால மலை உள்ளங்கை அகலத்துக்குள், தலைகீழாக, பச்சை மாறாமல் தாளில் வந்து விழும். லென்சுக்கும் தாளுக்கும் நடுவே ஸ்கேலை வைத்து அளந்தால் விடை கிடைத்துவிடும். அந்தக் குட்டி மலையை ஒருமுறை தன் கையால் வரவழைத்த பிள்ளை, ஒளியியல் பாடத்தைப் பிறகு மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இருபாலர் படிக்கும் பள்ளியில் இதே சோதனை எப்படி நடக்கிறது என்று ஒருநாள் போய்ப் பாருங்கள். ஐந்தாறு பேருக்கு ஒரு லென்ஸ். ஒரு பையன் லென்சை எடுத்துக்கொள்வான், இன்னொருவன் ஸ்கேலை. பெண் பிள்ளை ரெக்கார்டு நோட்டைத் திறந்து அளவுகளை எழுதத் தொடங்குவாள். "உன் கையெழுத்துதான் நல்லா இருக்கு, நீ எழுது" என்பார்கள். அவளும் எழுதுவாள், படம் அழகாக வரைவாள், செய்முறைக்கான 25 மதிப்பெண்ணில் 25 வாங்குவாள். லென்சைத் தொட்டிருக்கவே மாட்டாள். பெண்கள் பள்ளியிலும் இது வேறு விதமாக நடக்கும். முன்வரிசையில் இருக்கும் இரண்டு மூன்று பேர் செய்வார்கள், மற்றவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். ஆய்வகம் இருக்கிறதா என்று கேட்டால் "இருக்கிறது" என்று பதில் வந்துவிடும். நீங்கள் கேட்க வேண்டியது அதுவல்ல. இந்த மாதம் ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் செய்து பார்த்த சோதனை எது என்று கேளுங்கள்.

இந்த ஒதுங்கல் பத்தாம் வகுப்பில் தொடங்குவதில்லை. அமெரிக்காவில் மூன்று உளவியல் ஆய்வாளர்கள் சிறு பிள்ளைகளிடம் ஒரு சோதனை நடத்தி 2017இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். ரொம்ப ரொம்பப் புத்திசாலியான ஒருவரைப் பற்றிக் கதை சொல்லி, அது யாராக இருக்கும் என்று படங்களைக் காட்டிக் கேட்டார்கள். ஐந்து வயதில் பையன்கள் ஆணைக் காட்டினார்கள், பெண் பிள்ளைகள் பெண்ணைக் காட்டினார்கள். ஆறு வயதுக்குள் பெண் பிள்ளைகள் மாறத் தொடங்கிவிட்டார்கள். புத்திசாலிகளுக்கான விளையாட்டு என்று சொன்னாலே அதிலிருந்து விலகிக்கொண்டார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது? யாரும் பாடமாக நடத்தவில்லை. வீட்டில் ஃபேன் பழுதானால் யாரைக் கூப்பிடுகிறோம், மோட்டார் சுவிட்சை யார் போடுகிறார்கள், புது செல்போனை முதலில் யார் கையில் கொடுக்கிறோம் என்பதையெல்லாம் பிள்ளை பார்த்துக்கொண்டேதான் இருக்கிறாள்.

இதற்கும் பல ஆண்டுகளுக்கு முன்பு, அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியப் பள்ளிப் பிள்ளைகள் 4,807 பேரிடம் ஒரு விஞ்ஞானியை வரையச் சொன்னார்கள். 1983இல் வெளியான அந்த ஆய்வில், பெண் விஞ்ஞானியை வரைந்தவர்கள் 28 பேர். அந்த 28 பேருமே பெண் பிள்ளைகள். உங்கள் பள்ளியிலும் இதைச் செய்து பார்க்கலாம். ஆளுக்கு ஒரு தாளும் பென்சிலும் போதும். வரும் படங்களைக் கூட்டத்தில் பரப்பி வைத்துப் பார்த்தால், பேச வேண்டியது என்னவென்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

அடுத்தது, பதினொன்றாம் வகுப்பில் எந்த குரூப் என்கிற முடிவு. பெரும்பாலான வீடுகளில் ரிசல்ட் வந்த இரண்டு மூன்று நாளுக்குள் இது முடிந்துவிடுகிறது. பொறியியல் சேர்க்கைக்கு 200க்கு கட்-ஆஃப் போடுகிறார்கள். அதில் கணக்குக்கு மட்டும் 100. இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. பதினொன்றில் கணக்கு எடுக்காத பிள்ளைக்குப் பொறியியல் கதவு அன்றைக்கே மூடிவிடுகிறது. பதினேழு வயதில் அவள் ஆசைப்பட்டாலும் திறக்காது. இது எத்தனை தாய்மாருக்குத் தெரியும்? "கணக்கு குரூப்பு எடுத்தா டியூஷன் வைக்கணுமே டீச்சர், அதுக்கு எங்க போக?" என்று என்னிடம் கேட்ட அம்மாக்கள் பலர். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் அதற்குப் பதில், பிள்ளையைக் கணக்கிலிருந்து விலக்குவதல்ல. பள்ளியிலேயே மாலை நேரத்தில் கணக்குச் சிறப்பு வகுப்பு வைக்கச் சொல்லிக் குழு தீர்மானம் போடுவது. கணக்கு ஆசிரியர் இடம் காலியாக இருந்தால் அதை எழுத்தில் மாவட்டக் கல்வி அலுவலருக்கு அனுப்பி, பதில் வரும்வரை விடாமல் கேட்பது. சில ஊர்ப் பள்ளிகளில் கணக்கு குரூப்பே கிடையாது. கிட்டத்தில் எந்தப் பள்ளியில் இருக்கிறது, அங்கே போக எந்த பஸ் என்பதை ஒன்பதாம் வகுப்பிலேயே பெற்றோருக்குச் சொல்லிவிட வேண்டும்.

பீடித்தட்டைப் பற்றிப் பேசாமல் நம் மாவட்டத்தில் பெண் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேச முடியாது. பாவூர்சத்திரம், ஆலங்குளம், கடையநல்லூர்ப் பக்கம் எத்தனை வீடுகளில் அடுப்பு எரிவது அந்தத் தட்டால்தான் என்று எனக்குத் தெரியும். இதைப் படிக்கும் உங்களில் பலரே சுற்றுகிறவர்கள். அப்பாவுக்கு வேலை இல்லாத மாதத்திலும் பிள்ளையின் ஃபீஸைக் கட்டியது உங்கள் விரல்கள். அதனால் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆனால் பள்ளி விட்டு வந்த மகளும் மகனும் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். மகன் கிரிக்கெட் மட்டையோடு வெளியே போகிறான், அல்லது ட்யூஷனுக்குப் போகிறான். மகள் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து இலை வெட்டுகிறாள், கட்டுப் போடுகிறாள். எழுந்தால் பாத்திரம், தண்ணீர், தம்பிக்குச் சாப்பாடு. கணக்கும் இயற்பியலும் தினமும் போட்டுப் பார்க்காமல் வராத பாடங்கள். அவற்றுக்குத் தொடர்ச்சியாக உட்காரும் நேரம் வேண்டும். ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை மாலையில் இரண்டு மணி நேரம் மகளை எந்த வேலைக்கும் எழுப்புவதில்லை என்று ஒரு தெருவில் பத்து வீடுகள் சேர்ந்து முடிவெடுத்தால் போதும். தனியாக ஒரு வீடு செய்தால் பேச்சு வரும். பத்து வீடுகள் சேர்ந்தால் அது வழக்கமாகிவிடும். தம்பியும் பாத்திரம் கழுவட்டும்.

உங்களுக்கு உரிமையான பணத்தையும் விட்டுவிடாதீர்கள். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால், பிள்ளைகளுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே மத்திய அரசின் கல்வி உதவித்தொகை உண்டு. பொறியியல் போன்ற தொழிற்கல்விக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை கிடைக்கும். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண் உயர்கல்விக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021இலிருந்து இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் சேருவோரின் படிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசின் பொறுப்பு. "இன்ஜினியரிங் எல்லாம் நமக்குக் கட்டுபடியாகாது" என்று முடிவெடுப்பதற்கு முன்னால் இந்தக் கணக்கு வீட்டில் பேசப்பட்டிருக்க வேண்டும். ரிசல்ட்டுக்குப் பிறகு பேசினால் காலம் கடந்துவிடும்.

கழிப்பறையும் பேருந்தும் அறிவியலுக்குச் சம்பந்தமில்லாதவை போலத் தோன்றும். ஆனால் தண்ணீர் வராத கழிப்பறை உள்ள பள்ளியில், மாதத்தில் சில நாட்கள் பிள்ளைகள் வருவதில்லை. விட்டுப்போன தமிழ்ப் பாடத்தைத் தோழியின் நோட்டைப் பார்த்துப் படித்துவிடலாம், விட்டுப்போன ஆய்வக வகுப்பைப் படிக்க முடியாது. 2021இலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, நல்லது. ஆனால் சிறப்பு வகுப்பு முடியும் நேரத்துக்கு பஸ் இல்லையென்றால், தொலைவிலிருந்து வரும் பிள்ளை வகுப்பின் பாதியிலேயே எழுந்து ஓட வேண்டியதுதான். குழுவின் கடிதத்தோடு நான்கு தாய்மார் நேரில் போய்க் கேட்டால் பணிமனை மேலாளர் காது கொடுப்பார்.

அடுத்து, பிள்ளைகள் கண்முன்னால் யாரைப் பார்க்கிறார்கள் என்பது. இஸ்ரோ விஞ்ஞானியின் படம் சுவரில் இருப்பது நல்லதுதான். ஆனால் படத்தில் இருப்பவரிடம் சந்தேகம் கேட்க முடியாது. குற்றாலத்தில் 1964இலிருந்து ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி இருக்கிறது. அங்கே அறிவியல் படிக்கும் பெண்கள் உங்கள் ஊர்த் தெருக்களிலிருந்துதான் போகிறார்கள். மத்தளம்பாறையில் சோஹோ நிறுவனம் இயங்குகிறது. அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கும் பெண்கள் இருக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பரிசோதிக்கும் லேப் டெக்னீஷியன் இருக்கிறார். இவர்களை மாதம் ஒருவராகப் பள்ளிக்குக் கூப்பிடுங்கள். பெரிய மேடையும் பொன்னாடையும் வேண்டாம். எட்டாம் வகுப்பு அறையில் ஒரு பீரியட் உட்கார்ந்து, "நான் என்ன குரூப் எடுத்தேன், வீட்டில் எப்படிச் சம்மதம் வாங்கினேன், முதல் சம்பளம் எவ்வளவு" என்று பேசட்டும். பிள்ளைகளுக்குத் தேவையான விவரம் அதுதான்.

பாடத்தையும் ஊரிலிருந்தே தொடங்கலாம். ஆனி, ஆடியில் குற்றாலத்தில் ஏன் சாரல்? அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையின் கேரளப் பக்கத்தில் ஏறும்போதே பெரும்பகுதி மழையைக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி வருகிற மிச்ச ஈரம் நமக்குச் சாரல். ஆரியங்காவுக் கணவாய் வழியாக நெருக்கிக்கொண்டு புகும் காற்று வேகம் கூடி வந்து நம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்ற வைக்கிறது. சீசனில் ஒருநாள் பிள்ளைகளைக் கூட்டிப்போய் வெப்பநிலையையும் காற்றின் திசையையும் அளக்க வைக்கலாம். அதே நாளில் ஒரு காற்றாலையின் அடியில் நிறுத்தி, அதன் இறக்கை எப்படி மின்சாரம் தருகிறது என்று பொறியாளரைச் சொல்லச் சொல்லலாம். ஆண்டுதோறும் அருவிக்குக் குளிக்கத்தான் போகிறோம். ஒருமுறை அளக்கவும் போகலாமே.

"நாங்க படிக்காதவங்க, கூட்டத்துல என்ன பேச?" என்று உங்களில் சிலர் நினைப்பது எனக்குத் தெரியும். உங்களுக்கு மேற்கு வங்கத்திலிருந்து ஒரு செய்தி. அங்கே பஞ்சாயத்துத் தலைவர் பதவியைச் சில ஊர்களில் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். அதன் விளைவைப் பொருளாதார ஆய்வாளர் எஸ்தர் டுஃப்லோவும் மற்ற ஆய்வாளர்களும் பார்த்து 2012இல் வெளியிட்டார்கள். இரண்டு தேர்தல்களில் தொடர்ந்து பெண்ணே தலைவராக இருந்த ஊர்களில், மகனைப் பற்றி ஆசைப்படுவதற்கும் மகளைப் பற்றி ஆசைப்படுவதற்கும் இடையே பெற்றோரிடம் இருந்த இடைவெளி கணிசமாகக் குறைந்தது. வளரிளம் பிள்ளைகளிடம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அந்தத் தலைவிகள் எந்த மகளுக்கும் தனியாக ட்யூஷன் எடுக்கவில்லை. ஊர் விஷயத்தில் ஒரு பெண் முடிவெடுப்பதைப் பிள்ளைகள் பார்த்தார்கள், அவ்வளவுதான். மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நீங்கள் எழுந்து கேள்வி கேட்பதை உங்கள் மகள் பார்க்கிறாள். அதுவும் அவளுக்குப் பாடம்.

இந்தக் கடிதத்தின் மையமான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். 1940இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர்ந்து, நம் நாட்டின் முதல் பெண் மின் பொறியாளரானவர் அ. லலிதா. பதினெட்டு வயதில், கைக்குழந்தையோடு கணவனை இழந்தவர். அவர் அந்தக் கல்லூரிக்குள் நுழைந்ததற்குக் காரணம், அங்கேயே பேராசிரியராக இருந்த அவருடைய தந்தை மகளுக்காகப் போய் அனுமதி கேட்டது. நிகர் ஷாஜியின் தந்தை கணிதப் பட்டம் பெற்று விவசாயம் பார்த்தவர், மகளைப் படிக்கத் தூண்டியவர். அறிவியலில் முன்னேறிய பெண்களின் கதையைக் கேட்டால் இப்படி ஒரு பெரியவர் எங்காவது குறுக்கே வந்து கதவைத் திறந்திருப்பார். அப்படி ஒருவர் கிடைக்காத ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் கதையை யாரும் எழுதுவதில்லை. ஒரு நல்ல தகப்பன் வாய்ப்பதும் வாய்க்காததும் அதிர்ஷ்டம். ஒரு மாவட்டத்துப் பெண் பிள்ளைகளின் படிப்பை அதிர்ஷ்டத்தின் கையில் விட்டுவைக்கக் கூடாது. அந்தப் பெரியவர் செய்த வேலையைப் பள்ளியின் நிரந்தர வழக்கமாக மாற்றும் அதிகாரம் இப்போது உங்கள் குழுவிடம் இருக்கிறது.

அதனால் அடுத்த கூட்டத்தில் மூன்று தீர்மானங்களை நிறைவேற்றுங்கள். ஒன்று, ஆறாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு பெண் பிள்ளையும் மாதம் ஒரு சோதனையாவது தன் கையால் செய்ய வேண்டும். யார் எதைச் செய்தார்கள் என்று வகுப்பில் ஒரு பதிவேடு இருக்க வேண்டும். இரண்டு, ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு, குறிப்பாக அம்மாக்களுக்கு, எந்த குரூப் எந்தப் படிப்புக்குப் போகும், என்ன உதவித்தொகை உண்டு என்று விளக்கும் கூட்டம் ஆண்டில் இரண்டு முறை நடக்க வேண்டும். மூன்று, பள்ளியில் இருக்கும் ஹைடெக் லேப் என்கிற கணினி ஆய்வகம் மாலையில் ஒரு மணி நேரமாவது திறந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் பாதி இருக்கைகள் பெண் பிள்ளைகளுக்கு.

பேசியதோடு விடாமல் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அதற்கடுத்த கூட்டத்தில் முதல் பொருளாக, போன மாதம் எழுதியது என்ன ஆயிற்று என்று கேளுங்கள். பதில் வரும்வரை மாதா மாதம் கேளுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
தென்காசி